சிறிய அலுவலகத்துக்கு மெயில் சர்வர்: சந்தாவா, விபிஎஸ்ஸா, அலுவலகத்திலேயே சர்வரா?

பத்து, இருபது பேர் இருக்கும் அலுவலகத்துக்குச் சொந்த டொமைனில் மெயில் வேண்டும். மாதச் சந்தா கட்டுவதா, விபிஎஸ் எனும் வாடகை மெய்நிகர் சர்வரிலோ அலுவலகத்திலோ நாமே சர்வர் போடுவதா? பலர் இந்த இடத்திலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். ஒரே கேள்வி போலத் தெரியும் இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடப்பதுதான் காரணம். வந்த மெயில் யாருடைய வட்டில் தங்கப்போகிறது என்பது ஒன்று. போகிற மெயில் எந்த ஐபி முகவரியிலிருந்து புறப்படப்போகிறது என்பது இன்னொன்று. முதலாவதை நீங்களே பார்த்துக்கொள்வது அவ்வளவு கடினமில்லை. இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யலாம் என்று தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

போய்ச் சேருகிறதா? லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் அனுப்பும் மென்பொருளை நிறுவி ஒரு மெயிலை வெளியே தள்ளுவது அரை மணி நேர வேலை. எதிர்முனை அதை ஏற்று, ஸ்பாமில் போடாமல் இன்பாக்ஸில் வைப்பது வேறு வேலை. அனுப்பும் ஐபிக்கு அதன் பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவு டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்ப் பதிவேட்டில்) இருக்க வேண்டும்; அது காட்டும் பெயரைத் தேடினால் அதே ஐபி திரும்பி வர வேண்டும். எஸ்பிஎஃப் (எந்த ஐபிகள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் இடும் மின்கையொப்பம்), டிமார்க் (இவை பொருந்தாதபோது என்ன செய்வது என்ற கொள்கை) மூன்றும் பொருந்த வேண்டும். ஐபி தடைப்பட்டியல்களில் இருக்கக் கூடாது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றைக் கட்டாய விதிகளாகவே வைத்திருக்கின்றன. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புவோர் மூன்றையும் வைத்தாக வேண்டும். மற்றவர்களுக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகிம் போதும். சிறிய அலுவலகம் அந்த எண்ணிக்கையைத் தொடாது என்றாலும் மூன்றையும் வைத்துவிடுவதே நல்லது.

லைன் போனால் என்ன ஆகும்? உங்கள் சர்வர் எட்டாதபோது அனுப்புகிற சர்வர் மெயிலை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். நான்கைந்து நாள் வரை முயல வேண்டும் என்பது எஸ்எம்டிபி என்ற மெயில் அனுப்பும் தரத்தின் பரிந்துரை. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அளவு ஐந்து நாள். ஆகவே இரண்டு மணி நேரத் தடங்கலால் மெயில் தொலையாது. ஆனால் உள்ளே இருப்பவர்களும் வெளியே சுற்றுபவர்களும் அந்த நேரத்தில் பழைய மெயிலைக்கூடப் படிக்க முடியுமா என்று பாருங்கள்.

யார் கவனிப்பார்? ஒருவர் போதாது. அவர் விடுப்பில் இருக்கும் நாளில் கடவுச்சொற்கள் எங்கே இருக்கின்றன, எந்த லாகை (சர்வரின் பதிவுக் கோப்பை) பார்க்க வேண்டும் என்று தெரிந்த இரண்டாவது ஆள் இல்லையென்றால் சொந்த சர்வர் வேண்டாம்.

இவற்றோடு செலவு ஆளுக்கு ஆள் ஏறுமா, நிலையாக இருக்குமா. அழிந்த மெயிலை மீட்க முடியுமா. ஸ்கேனர், பில்லிங் மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம் ஆகியவையும் மெயில் அனுப்புமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

| | சந்தா சேவை | விபிஎஸ் | அலுவலகச் சர்வர், நேரடி அனுப்புதல் | அலுவலகச் சர்வர், ரிலே (அனுப்பிக் கொடுக்கும் இடைச் சேவை) வழி |
|---|---|---|---|---|
| போய்ச் சேருதல் | நன்று | ஐபியைப் பொறுத்தது | மோசம் | நன்று |
| அலுவலக லைன் போனால் | மொபைலில் படிக்கலாம் | மொபைலில் படிக்கலாம் | வெளியில் இருப்பவருக்கு இல்லை | வெளியில் இருப்பவருக்கு இல்லை |
| பராமரிப்பு | குறைவு | அதிகம் | மிக அதிகம் | நடுத்தரம் |
| செலவின் போக்கு | ஆளுக்கு ஆள் ஏறும் | கிட்டத்தட்ட நிலையானது | தொடக்கத்தில் மொத்தமாக | தொடக்கத்தில் மொத்தமாக, சிறு மாதக் கட்டணமும் |
| தரவு இருக்கும் இடம் | சேவையாளரிடம் | வாடகை வட்டில் | உங்களிடம் | உங்களிடம் |
| பேக்கப் பொறுப்பு | பாதி உங்களுடையது | முழுதும் உங்களுடையது | முழுதும் உங்களுடையது | முழுதும் உங்களுடையது |

## 1. சந்தா சேவை

கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஸோஹோ மெயில், ஃபாஸ்ட்மெயில் போன்றவை. டிஎன்எஸ்ஸில் சில பதிவுகள் போட்டால் அன்றே வேலை தொடங்கிவிடும். ஸ்பாம் வடிகட்டலில் இவர்களின் தரத்தைத் தனி சர்வரில் எட்டுவது கடினம்.

செலவு கூடுவது தேவையற்ற பெட்டிகளால். இன்ஃபோ, சேல்ஸ், அக்கவுண்ட்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம் வாங்காதீர்கள். கூகுளில் ஒருவருக்கு 30 மாற்றுப்பெயர்கள் வரை இலவசம்; பலர் பார்க்க வேண்டிய முகவரிக்குக் குரூப் வைக்கலாம். மைக்ரோசாஃப்ட்டில் பகிர்வுப் பெட்டிக்கு 50 ஜிபி வரை உரிமம் தேவையில்லை. பதினைந்து முகவரி வேண்டும் என்று கணக்குப் போடும் அலுவலகத்துக்குப் பெரும்பாலும் ஒன்பது, பத்து உரிமம் போதும்.

அடுத்தது மீட்பு. சந்தா கட்டினால் பேக்கப்பும் சேர்ந்து வருகிறது என்று நினைப்பது தவறு. ஜிமெயிலில் குப்பைக்குப் போன மெயில் 30 நாளில் அழியும். அதற்குப் பிறகு நிர்வாகி மீட்க 25 நாள் அவகாசம். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் நிரந்தரமாக அழித்ததை மீட்க இயல்பாக 14 நாள். அதை 30 வரை நீட்டலாம். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கினால் கூகுளில் 20 நாள், மைக்ரோசாஃப்ட்டில் 30 நாள்தான் திரும்பப் பெற வாய்ப்பு. மூன்று மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் பழைய ஒப்பந்த மெயிலைக் கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். நீக்கும் முன் அந்தப் பெட்டியை இறக்கி வைப்பதை வழக்கமாக்குங்கள்.

இனி ஸ்கேனர். பழைய பன்முக இயந்திரங்களுக்குப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து மெயில் அனுப்பத்தான் தெரியும். 2025-இலிருந்து கூகுள் வொர்க்ஸ்பேஸ் சாதாரணக் கடவுச்சொல்லை மட்டும் கொண்டு இப்படி நுழைய விடுவதில்லை. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, தனி ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டும் இந்தப் பழைய முறையைப் படிப்படியாக நிறுத்தி வருகிறது. நிலையான ஐபி இருந்தால் அந்த ஐபியிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும் ரிலே வசதி இரு சேவைகளிலும் உண்டு. இல்லையென்றால் அலுவலகத்தில் ஏதாவது ஒரு சிறிய லினக்ஸ் பெட்டியில் போஸ்ட்ஃபிக்ஸை வைத்து, ஸ்கேனரின் உள் ஐபியிலிருந்து மட்டும் மெயிலை ஏற்று, முறையான அடையாளத்தோடு மேலே அனுப்பச் செய்யலாம்.

கணினிக்கென்று தனி ஆள் இல்லாத அலுவலகம், பாதிப் பேர் வெளியில் இருந்தே வேலை செய்யும் அலுவலகம், காலண்டர் பகிர்வு தினமும் தேவைப்படும் அலுவலகம் ஆகியவற்றுக்கு இதுவே சரி.

## 2. விபிஎஸ்ஸில் சொந்த சர்வர்

வாடகை மெய்நிகர் சர்வர் ஒன்றில் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைப் படிக்கத் தரும் டவ்காட், ஸ்பாமை வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி மூன்றையும் நீங்களே கோக்கலாம். அல்லது மெயில்கவ், ஐரெட்மெயில், மெயில்-இன்-எ-பாக்ஸ் போன்ற தயார்த் தொகுப்பைப் போடலாம். மெயில்கவ்வுக்குக் குறைந்தது 6 ஜிபி நினைவகம் கேட்பார்கள். கிளாம்ஏவி என்ற வைரஸ் சோதிப்பான் ஒன்றே 1 ஜிபிக்கு மேல் விழுங்கும். 2 ஜிபி சர்வரில் இதை இயக்கினால் நினைவகம் தீர்ந்து, லினக்ஸின் மையமான கர்னல் ஏதாவது ஒரு சேவையைக் கொன்றுவிடும். மெயில் நின்றது ஏன் என்று லாகில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வாங்கும் முன்பே இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில், சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் அனுப்பும் வாசலான போர்ட் 25 வெளியே திறந்திருக்கிறதா? கூகுள் கிளவுடில் அது பெரும்பாலும் மூடியே இருக்கும். அமேசான் இசி2-இல் இயல்பாக மூடியிருக்கும், விண்ணப்பித்துத் திறக்க வேண்டும். டிஜிட்டல்ஓஷன், ஹெட்ஸ்னர் போன்றவையும் புதியவர்களுக்கு மூடியே தருகின்றன. அடுத்து, பிடிஆர் பதிவை நீங்களே மாற்ற முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் மேலே போங்கள்.

கிடைத்த ஐபியின் பூர்வீகத்தையும் பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் ஸ்பாம் அனுப்பியிருந்தால் அதன் பழி உங்கள் தலையில் விழும். உங்கள் ஐபி சுத்தமாக இருந்தாலும் பக்கத்து ஐபிகள் கெட்டிருந்தால் அவுட்லுக்.காம் 'உங்கள் நெட்வொர்க்கின் ஒரு பகுதி தடைப்பட்டியலில் இருக்கிறது' என்று எஸ்3140 குறியீட்டோடு திருப்பி அனுப்பும். சர்வரை எடுத்த முதல் நாளே தடைப்பட்டியல்களில் ஐபியைத் தேடிப் பாருங்கள். கெட்டிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். வேறு ஐபி வாங்குங்கள்.

அமைத்த பிறகு வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சில:

- ஐபிவி6 எனும் புதிய வகை முகவரிக்குப் பிடிஆர் போட மறந்துவிடுவார்கள். சர்வர் ஐபிவி6 வழியே ஜிமெயிலுக்குப் போய்த் திருப்பி அனுப்பப்படும். மற்ற இடங்களுக்கு ஒழுங்காகப் போகும். பிடிஆர் போடும் வரை போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4-க்கு மட்டும் கட்டி வையுங்கள்.
- ஸ்பாம்ஹவுஸ் என்ற தடைப்பட்டியலைப் பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் பதில் தராது. பிழைக் குறியீடுதான் வரும். அதையும் 'பட்டியலில் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால் வரும் மெயில் எல்லாம் மறுக்கப்படும். சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்த ரிசால்வர் (டிஎன்எஸ் தேடித் தரும் சேவை) வையுங்கள்.
- லெட்ஸ் என்கிரிப்டின் இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கும். டவ்காட் மட்டும் பழையதையே நினைவில் வைத்துக் காலாவதியானதைக் காட்டும். புதுப்பிப்பு முடிந்ததும் இரு சேவைகளையும் ரீலோட் செய்யும் கட்டளையைச் சேர்த்துவிடுங்கள்.
- போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு மெயில் அளவு 1,02,40,000 பைட். இணைப்புகள் மெயிலில் போவதற்காக எழுத்து வடிவத்துக்கு (பேஸ்64) மாறும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெருகும். அதாவது 8 எம்பி பிடிஎஃப் போகாது.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது ஒருவருடைய எளிய கடவுச்சொல். அது கசிந்தால் இரவோடு இரவாக உங்கள் சர்வர் ஆயிரக்கணக்கில் ஸ்பாம் தள்ளும். காலையில் ஐபி பட்டியலில் ஏறியிருக்கும். வெளியே வர நாட்கள் பிடிக்கும். ஒரு பயனர் மணிக்கு இத்தனை மெயில்தான் அனுப்பலாம் என்ற வரம்பை ஆர்ஸ்பாம்டியில் வையுங்கள். தவறான கடவுச்சொல்லை அடுக்கும் ஐபிகளைத் தடுக்கும் வேலையை ஃபெயில்2பேன் மென்பொருள் கவனிக்கட்டும்.

முப்பது, நாற்பது பெட்டிகள் உள்ள, லினக்ஸில் கை பழகிய இருவர் இருக்கும் அலுவலகத்துக்கு விபிஎஸ் பொருந்தும். ஐந்து பேருக்காக இவ்வளவு பாடுபடுவதில் பொருளில்லை. மிச்சமாகும் சந்தாவை விடக் கவனிக்கும் நேரத்தின் விலை அதிகம்.

## 3. அலுவலகத்திலேயே சர்வர், நேரடியாக வெளியே

சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: வேண்டாம். சாதாரண இணைய இணைப்புகளில் போர்ட் 25 பெரும்பாலும் மூடியிருக்கும். மாறும் ஐபிகள் ஸ்பாம்ஹவுஸின் பிபிஎல் (நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத ஐபிகள்) பட்டியலில் பெரும்பாலும் ஏற்கனவே இருக்கும். நீங்கள் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை. ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் பலருக்கு ஒரே வெளி ஐபியைப் பகிர்ந்து தரும் சேவையாளரின் 'நாட்' (NAT) அமைப்புக்குப் பின்னால் நீங்கள் இருக்கிறீர்கள். உள்ளே வரும் இணைப்பே எட்டாது. நிலையான ஐபி, பிடிஆர் உரிமை, திறந்த போர்ட் 25 மூன்றும் எழுத்தில் கிடைக்கும் வணிக இணைப்பு இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம். அப்போதும் அடுத்த வழியே மேல்.

மைக்ரோசாஃப்ட்டின் பழைய எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகங்கள் கவனிக்க: 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 2021-இல் எக்ஸ்சேஞ்சின் பிராக்ஸிலாகான் பாதுகாப்பு ஓட்டை வழியே எத்தனை சர்வர்கள் பிடிபட்டன என்பதை நினைத்தால், அதை இணையத்துக்குத் திறந்து வைத்திருப்பது சரியில்லை.

## 4. பெட்டிகள் அலுவலகத்தில், அனுப்புவது ரிலே வழி

மெயில் உங்கள் வட்டில் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தக் கட்டாயமாக இருக்கலாம். பல ஆண்டு மெயில் மலைபோல் குவிந்திருக்கலாம். இணைய வேகம் குறைவாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு ஏற்ற வழி இது, பலர் அறியாததும்கூட. டவ்காட்டும் போஸ்ட்ஃபிக்ஸும் அலுவலகச் சர்வரில் இருக்கும். வெளியே போகும் மெயில் மட்டும் போர்ட் 587 வழியே ஒரு ரிலே சேவைக்குப் போய், அவர்களின் நல்ல பெயருள்ள ஐபியிலிருந்து புறப்படும். அமேசான் எஸ்இஎஸ், மெயில்கன், எஸ்எம்டிபி2கோ போன்றவை இதைத் தருகின்றன. எஸ்இஎஸ்ஸில் புதுக் கணக்கு சோதனை நிலையில் தொடங்கும்: சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும், நாளுக்கு 200 மெயில். அதிலிருந்து விடுவிக்க முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

இருபது பேருக்கு நான்கு கோர், 8 ஜிபி நினைவகம், ஒன்றையொன்று பிரதிபலிக்கும் இரண்டு 1 டிபி எஸ்எஸ்டி, யுபிஎஸ் போதும். பிரதி வட்டு பேக்கப் ஆகாது. ஒருவர் தவறி அழித்தது இரண்டிலும் அந்த நொடியே அழியும். தினமும் வேறொரு இயந்திரம் வந்து மெயில் கோப்புறைகளை இழுத்துக்கொண்டு போகும்படி வையுங்கள். சர்வரே பேக்கப்புக்குத் தள்ளும்படி வைத்தால் சர்வருக்குள் புகுந்தவன் பேக்கப்பையும் அழிப்பான்.

ரிலே அமைக்கும்போது ஒரு சிறிய பிசகு அடிக்கடி நேரும். ரிலே சர்வரின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி, பிறகு போர்ட் எண் சேர்க்க வேண்டும். அடைப்புக்குறி இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் (மெயில் எந்தச் சர்வருக்கு வர வேண்டும் என்ற டிஎன்எஸ் பதிவு) தேடிப் போகும். கடவுச்சொல் கோப்பிலும் அடைப்புக்குறியும் போர்ட்டும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் அடையாளம் காட்டாமலே அனுப்ப முயன்று மறுக்கப்படும். லாகைப் பார்த்தால் கடவுச்சொல் தவறு என்று தோன்றும்.

உள்ளே வரும் மெயிலுக்கு இரண்டு வழி. நிலையான ஐபி இருந்து, உள்வரும் போர்ட் 25 திறந்திருந்தால் எம்எக்ஸ் நேராக அலுவலகத்தைக் காட்டலாம். இங்கேதான் பெரிய குழி இருக்கிறது. சில ரூட்டர்கள் போர்ட் ஃபார்வர்டு (வெளி இணைப்பை உள் சர்வருக்குத் திருப்புதல்) செய்யும்போது வெளியிலிருந்து வரும் இணைப்பின் மூல முகவரியையும் தன் உள் முகவரியாக மாற்றிவிடும். சர்வருக்கு உலகம் முழுவதும் 192.168.1.1 ஆகத் தெரியும். அந்த முகவரி வரம்பு போஸ்ட்ஃபிக்ஸின் 'மைநெட்வொர்க்ஸ்' (கடவுச்சொல் இன்றியே அனுப்ப விடும் முகவரிகள்) பட்டியலில் இருந்தால், யார் வேண்டுமானாலும் உங்கள் வழியாக யாருக்கும் அனுப்பலாம். சில நாட்களில் ஸ்பாமர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். எம்எக்ஸை மாற்றும் முன் வெளி இணைப்பு ஒன்றிலிருந்து சோதனை மெயில் அனுப்பி, லாகில் உண்மையான வெளி ஐபி பதிவாகிறதா என்று பாருங்கள். 'மைநெட்வொர்க்ஸ்' பட்டியலில் சர்வரின் சொந்த முகவரி, ஸ்கேனர் போன்ற ஓரிரு சாதனங்கள் மட்டும் இருக்கட்டும். மனிதர்கள் எல்லோரும் உள்ளிருந்தாலும் கடவுச்சொல் கொடுத்தே அனுப்பட்டும்.

நிலையான ஐபி இல்லையென்றால் வெளிச் சேவையில் பெட்டிகளை வைத்து, ஃபெட்ச்மெயில் அல்லது கெட்மெயில் கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கலாம். பணம் மிச்சம் என்று எல்லோருக்கும் ஒரே பொதுப் பெட்டி வைத்து, மெயிலின் பெறுநர் வரியைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்க முயலாதீர்கள். பிசிசியில் வந்த மெயிலில் பெறுநர் பெயரே இருக்காது. யாருடையது என்று தெரியாமல் தொலையும் அல்லது தவறானவரிடம் போகும். ஆளுக்கொரு பெட்டி கட்டாயம்.

அலுவலகத்துக்குள் ஒரு புகார் நிச்சயம் வரும்: மொபைல் டேட்டாவில் மெயில் வருகிறது, ஆபீஸ் வைஃபையில் வரவில்லை. பல ரூட்டர்களால் உள்ளிருந்து தன் வெளி முகவரிக்கே போய்த் திரும்ப முடியாது. மெயில் சர்வரின் பெயருக்கு உள் டிஎன்எஸ்ஸில் உள் ஐபியைக் கொடுத்துவிடுங்கள். ஐபியை நேராகப் போட்டுச் சமாளித்தால் சான்றிதழ் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும்.

இணையதள ஹோஸ்டிங்கோடு இலவசமாக வரும் மெயில் பற்றியும் கேட்பார்கள். நூற்றுக்கணக்கான தளங்களோடு ஒரே ஐபியில் இருப்பீர்கள். அதில் ஒன்று கெட்டால் உங்கள் மெயிலும் நிற்கும். ஓரிரு பெட்டி, எப்போதாவது மெயில் என்றால் சமாளிக்கலாம்.

## எதை எடுத்தாலும் தப்பாத டிஎன்எஸ் வேலை

ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான். புதுச் சேவை சேரும்போது இரண்டாவது பதிவைச் சேர்ப்பவர்கள் ஏராளம். அப்படிச் செய்தால் இரண்டுமே செல்லாது. இருப்பதற்குள்ளேயே சேருங்கள். ஒரு பதிவு பத்து டிஎன்எஸ் தேடலைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு. நான்கைந்து சேவைகளைச் சேர்த்ததும் தாண்டிவிடும். 2048 பிட் டிகிம் சாவி 255 எழுத்தைக் கடக்கும் என்பதால் இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்துப் போட வேண்டும்.

டிமார்க்கை முதலில் 'நன்' (எதுவும் செய்யாதே) கொள்கையோடு, அறிக்கை வரும் முகவரியோடு போடுங்கள். சில வாரம் அறிக்கையைப் பார்த்தால் தொடர்புப் படிவமும் பில்லிங் மென்பொருளும் எங்கிருந்தோ உங்கள் பெயரில் அனுப்புவது தெரியவரும். அவற்றைச் சரிசெய்த பிறகே 'குவாரண்டைன்' (ஸ்பாமில் போடு), அதன் பின் 'ரிஜெக்ட்' (மறுத்துவிடு).

ஊழியர்கள் அலுவலக மெயிலைத் தங்கள் சொந்த ஜிமெயிலுக்கு முழுதாக ஃபார்வர்டு செய்வதை நிறுத்துங்கள். வந்த ஸ்பாமும் சேர்ந்தே போகும். ஜிமெயில் பார்வையில் அதை அனுப்பியது நீங்கள்தான்.

## இடம் மாறும்போது

மாற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே எம்எக்ஸின் டிடிஎல்லை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைக்கும் நேரத்தை) 300 நொடிக்குக் குறையுங்கள். புது இடத்தில் எல்லாப் பெட்டிகளும் உருவான பிறகு ஐமேப்சிங்க் கொண்டு ஒரு சுற்று நகலெடுங்கள். பிறகு எம்எக்ஸை மாற்றுங்கள். ஓரிரு நாள் கழித்து மீண்டும் ஒரு சுற்று ஓட்டினால் இடையில் பழைய இடத்தில் விழுந்தவையும் வந்துவிடும். பழைய கணக்கை உடனே மூடாமல் இரண்டு வாரம் விட்டு வையுங்கள். யாராவது பாப்3 முறையில் மெயிலை இறக்கிச் சர்வரில் அழித்து வந்திருந்தால் அவர்களின் பழைய மெயில் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும். முன்கூட்டியே ஒவ்வொரு மேசையாகப் போய்ப் பாருங்கள்.

எந்த வழியாக இருந்தாலும் டொமைன் பதிவும் டிஎன்எஸ் கணக்கும் அலுவலகத்தின் பெயரில் இருக்கட்டும். இணையதளம் செய்து கொடுத்தவரின் பெயரில் விடாதீர்கள். அது உங்கள் கையில் இருந்தால் சேவை பிடிக்காதபோது எம்எக்ஸை மாற்றிக்கொண்டு போகலாம். அந்தக் கணக்கின் மீட்பு முகவரி மட்டும் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் மெயில் நிற்கும். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பும், கடவுச்சொல் மீட்பு இணைப்பும் அந்த நின்றுபோன பெட்டிக்கே போகும்.